தொடுவது வேறு, ஒன்றாவது வேறு

சின்னாளபட்டியில் என் நண்பர் ஒருவர் கைத்தறி வைத்திருக்கிறார். வயதில் எனக்கு மூத்தவர்; ஆதலின் அவரைப் பெரியவர் என்றே இங்குக் குறிப்பிடுகிறேன். சென்ற ஆண்டு புரட்டாசியில், தீபாவளிச் சேலைக்குப் பாவு ஏற்றியிருந்த வேளையில், அவர் தறியின் பற்சக்கரம் உடைந்துபோயிற்று.

இச்சக்கரத்தின் வேலை எளியது, ஆனால் இன்றியமையாதது. நெய்த துணியைப் படமரத்தில் சுற்றியவுடன், பாவின் இழுப்பு படமரத்தைப் பின்னோக்கித் திருப்ப முயலும். அவ்வாறு திரும்பாதபடி ஓர் இரும்பு நாக்கு சக்கரத்தின் பல்லில் விழுந்து தடுக்கிறது. பல் போனால் நாக்கு வழுக்கும். நாக்கு வழுக்கினால் பாவு தளரும். பாவு தளர்ந்தால் ஊடை சீராக அடையாது. மூன்று பற்கள் உடைந்த சக்கரத்துடன் நெய்த ஒரு முழத் துணியைப் பெரியவர் எனக்குக் காட்டினார். ஊடை ஓரிடத்தில் நெருங்கியும் மற்றோரிடத்தில் விலகியும் கிடந்தது. அத்துணியைச் சங்கத்தில் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை, தறியை நிறுத்திவிட்டார்.

பழைய சக்கரம் வார்ப்பிரும்பால் ஆனது. அதை வார்த்துக் கொடுத்த பட்டறை இப்பொழுது இல்லை. நானோ நத்தத்தில் இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் கணினியில் இயந்திர உறுப்புகளை வரையப் பழகி வருபவன். "அளவு எடுத்துக் கொடுங்கள், நான் வரைந்து, திண்டுக்கல்லில் இரும்புத் தகட்டில் வெட்டுவித்துத் தருகிறேன்" என்று வாக்களித்தேன். வட்டத்தின் ஆரம் 60 மில்லிமீட்டர், கனம் 8 மில்லிமீட்டர், பற்கள் 24. ஒரு வட்டை வரைந்தேன். ஒரு பல்லை வரைந்து, அதை 24 படிகளாக வட்டத்தைச் சுற்றி நிறுத்தினேன். பின்னர் யாவற்றையும் ஒன்றாக்கும் கட்டளையையும் கொடுத்தேன். திரையில் அழகான சக்கரம் ஒன்று சுழன்றது. அதன் புறக்கோட்டை எடுத்து, லேசர் கதிரால் தகடு வெட்டும் தொழிற்கூடம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பொட்டலம் வந்தது. பெரியவர் முன்னிலையில் அதைப் பிரித்தேன். உள்ளே வழவழப்பான வட்டத் தகடு ஒன்று இருந்தது. அதனுடன் ஒரு காகிதப் பையில் 24 பற்கள் தனித்தனியே இருந்தன.

வெட்டியவர்கள்மேல் குற்றமில்லை. நான் கொடுத்த கோட்டின்படியே அவர்கள் வெட்டியிருந்தார்கள். பெரியவர் ஒரு பல்லை எடுத்து விரலிடையில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பல் ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. சக்கரத்தோடுதான் ஒட்டவில்லை" என்றார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது. தகட்டின் விலையும் வெட்டுக்கூலியும் என் கையிலிருந்து போயின. ஆனால் பண்டிகைக்கு முந்திய நாட்களில் நின்றுபோன தறியின் கூலி அவருடையது.

என் பிழை எங்கே நேர்ந்தது என்று அன்றிரவே ஆராய்ந்தேன். அதில் கற்றுக்கொண்டதை நெசவாளரும் விவசாயிகளுமான நம் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இனிவரும் நாட்களில் தறியின் உதிரி உறுப்புகளையும் தோட்டக் கருவிகளையும் நம் வீட்டுப் பிள்ளைகளே கணினியில் வரையப் போகிறார்கள். பலர் இப்பொழுதே வரைகிறார்கள். நான் விழுந்த குழியில் அவர்களும் விழ வேண்டுவதில்லை.

கணினியில் திண்மம் என்பது யாது?

காகிதத்தில் நாம் வரையும் படம் கோடுகளின் தொகுதி. அதில் உள்ளும் புறமும் எவை என்பதைப் பார்ப்பவரின் அறிவே தீர்மானிக்கிறது. கேட் எனப்படும் கணினி வரைகலை மென்பொருள்களில் அமையும் திண்மம் இத்தகையதன்று. அது முழுதும் மூடிய ஓர் உருவம். வெளியில் எந்தப் புள்ளியைக் காட்டினாலும், "இது இரும்புக்குள் இருக்கிறது" அல்லது "இரும்புக்கு வெளியே இருக்கிறது" என்று கணினி ஐயமின்றி விடை கூற வேண்டும். அவ்விடை தவறாது கிடைக்குமானால்தான் அதன் கன அளவைக் கணக்கிடலாம், எடையைக் கூறலாம், இயந்திரத்தில் வெட்டவும் வார்க்கவும் அனுப்பலாம்.

இக்கலை நீண்ட வரலாறு உடையதன்று. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து என்பவர் ஸ்கெட்ச்பேட் என்னும் வரைமுறையை அமைத்தார். ஒளிப்பேனாவால் திரையில் வரைய அது இடமளித்தது. ஒரு மூல உருவை ஒருமுறை வரைந்துவிட்டு, அதன் படிகளை எத்தனை இடத்திலும் நிறுத்தலாம்; மூலத்தைத் திருத்தினால் படிகள் யாவும் தாமே திருந்தும். இவ்வசதி அன்றே அதில் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயன் பிரெய்டு என்பவரும், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேறோர் ஆராய்ச்சிக் குழுவினரும், திண்மங்களைக் கூட்டவும் கழிக்கவும் கணினிக்குக் கற்பித்தனர்.

இன்று இவ்வேலைக்கான மென்பொருள்கள் பல உள. விலை மிகுந்தவையும் உண்டு. விலையின்றிக் கிடைப்பவையும் உண்டு. நான் கையாண்டது ஃப்ரீகேட் என்பது. 2002-இல் முதன்முதல் வெளிவந்த அதனை எவரும் விலையின்றிப் பெற்று உபயோகிக்கலாம். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வெளியாயிற்று. சிறு சங்கங்களுக்கு அது ஏற்றது என்று கருதியே அதை எடுத்துக்கொண்டேன்.

படி எடுக்கும் கணக்கு

ஒரே உருவைத் திரும்பத் திரும்ப நிறுத்துவது நெசவாளருக்குப் புதிதன்று. பிரான்சு நாட்டின் ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைத் தறியை இயக்கினார். அட்டைத் தொடர் ஒரு சுற்று வந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்; ஒரு பூவுக்குரிய அட்டைகளே சேலை முழுவதற்கும் போதும். கணினியில் செய்வதும் இதுவே. நேர்கோட்டில் படி எடுப்பது ஒரு வகை. வட்டத்தில் சுற்றிப் படி எடுப்பது மற்றொரு வகை.

இங்குக் கவனிக்க வேண்டுவது கணக்கு. 48 இழைக்கு ஒரு பூ என்றால், 2,400 இழைப் பாவில் சரியாக 50 பூக்கள் அமையும். 2,420 இழை இருந்தால் 20 இழை மிஞ்சி, கரையோரத்தில் பூ அரைகுறையாக நிற்கும். வட்டத்திலோ மிச்சத்தை ஒதுக்கக் கரையே இல்லை. 24 பற்களுக்கு 360 பாகையைப் பங்கிட்டால் ஒன்றுக்கு 15 பாகை. முதற்பல்லும் கடைசிப் பல்லும் வெவ்வேறு முனைகள் என்று எண்ணி 23-ஆல் வகுத்துவிட்டால், கடைசிப் பல் முதற்பல்லின்மேல் ஏறி நிற்கும். கண்ணுக்கு 23 பற்களே தெரியும். 15 பாகையே கொடுத்து, எண்ணிக்கையை 25 என்று இட்டாலும் அவ்வாறே ஒன்றன்மேல் ஒன்று படியும். திரையில் சக்கரம் பழுதற்றதாகவே தோன்றும். அதனுள் ஒரு பல் இரட்டையாக மறைந்திருக்கும்.

வகுத்த ஈவைச் சுருக்கி எழுதுவதும் கூடாது. மாங்காய் பறிக்கும் அலக்கின் நுனியில் வைக்க, 75 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளையமும் அதைச் சுற்றி ஏழு விரல்களும் வரைவதாகக் கொள்வோம். 360-ஐ 7-ஆல் வகுத்து 51.4 பாகை என்று எழுதினால், ஏழு முறைக்கு 359.8 பாகைதான் ஆகும். எஞ்சிய 0.2 பாகை அவ்வளையத்தில் கால் மில்லிமீட்டருக்குச் சமம். மாங்காய்க்கு இது பெரிதன்று. ஒரே இடைவெளியை எதிர்பார்த்து நாக்கு விழும் சக்கரத்திற்கு இத்தகைய பிழை ஆகாது. ஆதலின் வகுக்கும் வேலையை மென்பொருளிடமே விட்டு, மொத்தம் 360 என்றும் எண்ணிக்கை இத்தனை என்றும் மட்டும் கொடுப்பதே நன்று.

இக்கணக்கில் நான் தவறவில்லை. என் 24 பற்களும் உரிய இடத்தில்தான் நின்றன. பிழை அதற்கு அடுத்த படியில் நேர்ந்தது.

மயிரிழையில் நேர்ந்த பிழை

ஒவ்வொரு பல்லின் அடியும் 10 மில்லிமீட்டர் அகலமுள்ள நேர்க்கோடு. நான் அதை வட்டத்தின் விளிம்பில், மையத்திலிருந்து சரியாக 60 மில்லிமீட்டர் தூரத்தில் நிறுத்தினேன். வட்டத்தின் ஆரமும் 60; பல்லின் அடியும் 60-இல். இரண்டும் பொருந்திவிட்டன என்றே எண்ணினேன்.

ஆனால் வட்டத்தின் விளிம்பு வளைந்தது. பல்லின் அடியோ நேரானது. நேர்க்கோல் ஒன்றைக் குடத்தின் வயிற்றில் வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் தொடும்; இரு புறமும் விலகும். என் சக்கரத்தில் பல்லின் நடுப்பகுதி விளிம்பைத் தொட்டது. அடியின் இரு மூலைகளிலும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. திரையில் அதைக் காண இயலாது. ஒரு பல்லை மட்டும் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தபொழுதுதான், பல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருபுறமும் மெல்லிய ஆப்பு வடிவில் வெளிச்சம் தெரிந்தது.

அவை தொட்ட இடமோ ஒரு கோடு. கோட்டிற்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. அகலமில்லாத இடத்தில் இரும்பு இருக்க முடியாது. இத்தகைய தொடுதலைக் கொண்டு இரு திண்மங்களை ஒன்றாக்கக் கணினியால் ஆகாது. சாலிட்வொர்க்ஸ் போன்ற சில மென்பொருள்கள், கனம் பூச்சியமாகும் உருவை ஏற்க இயலாது என்று அறிவித்து அங்கேயே நின்றுவிடும். வேறு சில, கட்டளையை ஏற்றதுபோல் காட்டி, உருப்படிகளை ஒரே பெயரின்கீழ்த் தொகுத்து வைத்துவிடும். எனக்கு நேர்ந்தது இரண்டாவது. பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. அப்பெயருக்குள் 25 திண்மங்கள் இருந்தன. பெயரைப் பார்த்து நான் நிறைவடைந்தேன். தகடு வெட்டும் இயந்திரம் பெயரைப் பார்ப்பதில்லை. மூடிய கோடு ஒவ்வொன்றையும் சுற்றி வெட்டுகிறது.

நம் தொழில்கள் முன்பே அறிந்த உண்மை

இவ்வளவும் கண்டபின் எனக்கு வெட்கமே மிகுந்தது. நெசவாளரும் விவசாயிகளும் நெடுங்காலமாக அறிந்த ஒன்றைத்தான் நான் கணினியில் மறந்திருந்தேன்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம். கரை மற்றொரு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் எல்லைவரை வந்து, தத்தம் வழியே திரும்பிவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கித்தான் இருக்கும். ஆனால் நடுவே நீண்ட பிளவு ஓடும். ஆகவே எல்லையில் ஓர் ஊடையை மற்றோர் ஊடையோடு கோத்து வாங்குகிறார்கள். கரை உடலுக்குள் சிறிது புகுகிறது. உடல் கரையைச் சிறிது பற்றுகிறது. அதனால்தான் அது ஒரே துணியாகிறது.

நத்தம் பகுதியின் மாந்தோப்புகளிலும் இதே பாடம் உண்டு. நெருக்கு ஒட்டு முறையில், தொட்டியில் வளர்ந்த நாற்றையும் நல்ல இனத் தாய்மரத்தின் கிளையையும் அருகருகே கொணர்கிறார்கள். பட்டையோடு பட்டை சேர்த்து எத்தனை மாதம் கட்டிவைத்தாலும் அவை ஒட்டுவதில்லை. இரண்டிலும் பட்டையையும் சிறிது கட்டையையும் சீவி, சீவிய பச்சை முகங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திக் கட்ட வேண்டும். பட்டைக்கு உட்புறம் உள்ள வளர்திசு ஒன்றோடொன்று சேர்ந்து, ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களில் ஒரே மரமாகிறது. அதன்பிறகே தாய்மரத்திலிருந்து வெட்டிப் பிரிக்கலாம். இரு தண்டும் தம்மில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாலன்றி ஒட்டுக் கூடுவதில்லை.

கணினியிலும் இதுவே விதி. ஒன்றாக வேண்டிய இரு திண்மங்கள் ஒன்றனுள் ஒன்று புக வேண்டும். அல்லது இடைவெளி சிறிதுமின்றி முகத்தோடு முகம் முழுமையாகப் படிய வேண்டும். முன்னதே பாதுகாப்பானது.

பூல் வகுத்த வழி

திண்மங்களை ஒன்றாக்கும் கட்டளைகளைப் பூலியன் செயல்கள் என்பர். இங்கிலாந்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பெரும்பாலும் தாமே பயின்று கணிதப் பேராசிரியரான ஜார்ஜ் பூல் (1815–1864) என்பவரின் பெயரால் அமைந்தது அது. சிந்தனையின் விதிகளைக் கணிதமாக எழுதி 1854-இல் அவர் நூல் வெளியிட்டார். "இது அல்லது அது", "இதுவும் அதுவும்", "இது உண்டு, அது இல்லை" என்னும் தொடர்பாடுகளே அவர் ஆராய்ந்தவை. கணினியில் அவை மூன்று செயல்களாயின. இரண்டில் எதனுள்ளேனும் இருக்கும் இடம் யாவும் சேர்ந்தது கூட்டல். இரண்டினுள்ளும் இருக்கும் இடம் மட்டும் பொதுமை. ஒன்றினுள் இருந்து மற்றதனுள் இல்லாத இடம் கழித்தல்.

கூட்டல் நிகழும்பொழுது, இரண்டும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கணினி முதலில் காண்கிறது. பிறகு உள்ளே மறைந்துபோன சுவர்களை நீக்கி, வெளிச்சுவர்களை மட்டும் தொடர்ச்சியாகத் தைக்கிறது. இரு வீடுகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்குவது போன்றது இது. வெட்டிக்கொள்ளும் இடமே இல்லையானால் இடிக்கச் சுவரும் இல்லை.

இங்கே மயக்கம் தரும் மற்றொரு கட்டளை உண்டு. ஃப்ரீகேட்டில் காம்பவுண்டு என்று ஒன்றும், யூனியன் என்று ஒன்றும் இருக்கின்றன. முன்னது பத்துச் சேலைகளை ஒரு கயிற்றால் கட்டிய கட்டு. தூக்கினால் சேர்ந்து வரும், அவிழ்த்தால் பத்தாகும். பின்னது ஒரே தறியில் ஒரே பாவில் நெய்த துணி. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். வட்டத்தில் படி எடுக்கும் கருவியிலேயே ஃப்யூஸ் என்னும் ஒரு விருப்பமும் உண்டு. அது படிகளைத் தம்முள் ஒன்றாக்க மட்டுமே உதவும். என் பற்கள் ஒன்றையொன்று தொடாதவை. ஆதலின் அதனாலும் பயனில்லை. பற்களையும் வட்டையும் சேர்த்து யூனியன் செய்தாலன்றி வேலை முடியாது.

செய்யும் முறை

இரண்டாம் முறை நான் கைக்கொண்ட வழியை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, பல்லுக்கு வேர் வைத்தேன். தச்சர் கால்மரத்தைச் சட்டத்தோடு சேர்க்கக் கழுந்து விடுவதுபோல, பல்லின் அடியை 1 மில்லிமீட்டர் ஆழம் வட்டுக்குள் இறங்கும்படி நீட்டினேன். வெளியே தெரியும் பல்லின் அளவு மாறவில்லை.

இரண்டாவது, வேருள்ள அப்பல்லை 24 படிகளாக்கினேன். வட்டத்தைச் சுற்றி எண்ணிப் பார்த்தேன்.

மூன்றாவது, 24 பற்களையும் வட்டையும் ஒரே கட்டளையில் கூட்டினேன். பல் ஒவ்வொன்றாக 24 முறை கூட்டலாம். ஆனால் அது நேரத்தை விழுங்கும். இடையில் ஒன்று தவறினால் எதுவென்று தேட வேண்டும்.

நான்காவது, நடுத்துளையைக் கழித்தேன். பல்லின் அடியிலுள்ள கூர்மூலைகளை வளைத்துவிட்டேன். கூர்மூலையில்தான் விரிசல் முதலில் தொடங்கும். பழைய சக்கரம் உடைந்ததும் அங்கேதான். இவ்வளைவைக் கூட்டலுக்குப் பின்னரே இட முடியும். ஒன்றாகாத பல்லுக்கும் வட்டுக்கும் நடுவே வளைக்க மூலை ஏது?

ஐந்தாவது, சோதித்தேன். முதன்முறை நான் விட்டுவிட்ட படி இதுவே. ஃப்ரீகேட்டில் உருவைச் சோதிக்கும் கருவி, முகங்கள் எத்தனை, விளிம்புகள் எத்தனை, திண்மங்கள் எத்தனை என்று கணக்குக் காட்டும். திண்மங்கள் என்பதற்கு எதிரே 1 என்று இருக்க வேண்டும். வேறெந்த எண் இருந்தாலும் வேலை முடியவில்லை என்பது பொருள்.

இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. சங்கத்தில் வரவு செலவு பார்ப்பவர்களுக்கு அது எளிதில் விளங்கும். நடுத்துளை இடுவதற்குமுன், 60 மில்லிமீட்டர் ஆரமும் 8 மில்லிமீட்டர் கனமும் உள்ள வட்டின் கன அளவு 90,478 கன மில்லிமீட்டர். வேரோடு கூடிய பல் ஒன்று, 8 மில்லிமீட்டர் உயர முக்கோணமாகக் கொண்டால், 400 கன மில்லிமீட்டர், 24-க்கு 9,600. தனித்தனியே கூட்டினால் 1,00,078. ஆனால் வட்டுக்குள் புதைந்த வேர்ப்பகுதி இக்கூட்டலில் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. ஒரே ரூபாயை இரண்டு பேரேட்டில் வரவு வைத்ததுபோல. உண்மையில் ஒன்றாகிவிட்டால், அந்த இரட்டிப்பு நீங்கி ஏறத்தாழ 98,290 என்று காட்ட வேண்டும். எண் குறையாமல் 1,00,078 என்றே நின்றால், கட்டுத்தான் கட்டப்பட்டிருக்கிறது, ஒட்டுக் கூடவில்லை.

இவ்வளவு தொல்லையும் வேண்டாமென்றால் வேறொரு வழியும் உண்டு. பல்லின் நுனிவரை பெரிதான ஒரு வட்டையே முதலில் எடுத்துக்கொண்டு, பல்லுக்குப் பல் நடுவேயுள்ள பள்ளத்தை 24 முறை கழித்துவிடலாம். கூட்ட வேண்டிய துண்டே இல்லாமையால், சக்கரம் தொடக்கம் முதல் ஒரே திண்மமாக இருக்கும். மரத்தில் குடைந்து எடுப்பவர்களின் வழி இது. சக்கரம் போன்றவற்றிற்கு இதுவே எளிது. வளையத்தில் நீண்ட விரல்கள் நிற்கும் அலக்குத் தலை போன்றவற்றிற்குக் கூட்டலே ஏற்றது.

ஒன்றாகக் கூடாதவை

நிற்க. எல்லாவற்றையும் ஒன்றாக்குவதே சிறப்பு என்று எவரும் கொள்ளலாகாது. திண்டுக்கல் பூட்டைப் பாருங்கள். நெம்புப் பூட்டில் ஒரே சாயலான தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சாவி நுழைந்து திரும்பும்பொழுது, ஒவ்வொரு தகடும் தனக்குரிய உயரத்திற்கு எழும்புகிறது. எல்லாத் தகடுகளின் வாயிலும் நேர்ப்பட்டால்தான் தாழ் நகரும். இத்தகடுகளைக் கணினியில் படி எடுத்து அடுக்கிவிட்டு, பழக்கத்தினால் ஒன்றாக்கும் கட்டளையையும் கொடுத்துவிட்டால், பூட்டு ஓர் இரும்புக் கட்டியாகிவிடும். எந்தச் சாவியும் அதைத் திறக்காது. அவை நெருங்கியிருக்க வேண்டும். ஆனால் தனித்தனியே இருக்க வேண்டும். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்காக விண்ணப்பித்தது பூட்டுத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கமே என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

மதுரையிலிருந்து நத்தம் சாலையில் பேருந்தில் வருவோர், 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட 7.3 கிலோமீட்டர் மேம்பாலத்தைக் கடந்திருப்பர். தூணுக்குத் தூண் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. இத்தகைய நீண்ட பாலங்களில், இடைவெளியே இல்லாமல் முழு நீளத்தையும் ஒரே கட்டியாக்குவதில்லை. வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் ஆங்காங்கே விரிவிடைவெளி விடுகிறார்கள். அங்கே இடைவெளியே பாலத்தைக் காக்கிறது.

ஆகவே, வரையத் தொடங்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இவ்வுறுப்பு வேலை செய்யும்பொழுது, இப்பகுதிகள் சேர்ந்து அசையுமா, தனித்தனியே அசையுமா? சேர்ந்து அசைவன யாவும் ஒரே திண்மமாக வேண்டும். தனித்து அசைவனவற்றின் நடுவே, அசைவதற்குரிய இடைவெளியை அளந்து விட வேண்டும். இரண்டுக்கும் நடுவே, தொட்டும் தொடாமலும் நிற்பதற்கு இயந்திரத்தில் இடமில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கது

இரண்டாம் சக்கரம் ஒரே துண்டாக வந்தது. பெரியவர் அதைக் கையில் வாங்கி, பற்களை ஒரு சுற்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் படமரத்தில் மாட்டினார். நாக்கு பல்லில் விழும் ஓசை 24 முறை கேட்டது. அதன்பின் அவர், "இந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. இது போன்ற சக்கரம் எங்கள் தெருவில் இன்னும் பல தறிகளில் இருக்கிறது" என்றார். பண்டிகைச் சேலைகள் யாவற்றையும் அவரால் முடிக்க இயலவில்லை. இழந்த நாட்களை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. எஞ்சியவற்றைச் சீரான ஊடையோடு நெய்து கொடுத்தார்.

அவர் சொன்ன சொல்லிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. உறுப்பு உடைந்தபின் அளவெடுப்பது கடினம். உடைந்த பல்லின் உயரத்தை யார் அறிவார்? உடையாதபொழுதே, தறியிலும் தோட்டக் கருவியிலும் அடிக்கடி தேயும் உறுப்புகளை அளந்து வரைந்து, சங்க அலுவலகத்தில் சேமித்து வைக்கலாம். ஒருவர் வரைந்தது உறுப்பினர் அனைவருக்கும் பயன்படும். ஒவ்வொரு படத்தோடும் நான்கு குறிப்புகள் எழுதப்பட்டிருத்தல் நலம்: எந்தத் தறிக்கு உரியது, என்ன உலோகம், என்ன கனம், சோதனையில் திண்மங்கள் எத்தனை. நான்காவது குறிப்பில் 1 என்று எழுதியவரின் கையெழுத்தும் இருக்கட்டும்.

முதல் சக்கரத்தின் 24 பற்களையும் அதே காகிதப் பையில் என் மேசைமேல் வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்றை வரைந்து வெட்ட அனுப்பும்பொழுதெல்லாம், ஒருமுறை அப்பையை எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டே அனுப்புகிறேன்.